ஹே-ஆன்-வை: கார் இல்லாமல் ஒரே நாளில்

லண்டனிலிருந்து கார் இல்லாமல், ஞாயிறன்று வேல்ஸ் எல்லையோரப் புத்தக ஊரான ஹே-ஆன்-வை போய், சந்தையும் பழைய புத்தகக் கடைகளும் பார்த்துவிட்டு அன்றே திரும்ப முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். ஞாயிறை விட்டுவிடுங்கள். சந்தை கூடுவது வியாழக்கிழமை; ஞாயிறன்று பேருந்தும் குறைவு.

ஊரில் ரயில் நிலையம் கிடையாது, 1962-லேயே மூடிவிட்டார்கள். லண்டனின் பாடிங்டன் நிலையத்திலிருந்து பக்கத்து ஊரான ஹெரிஃபோர்டுக்கு நேரடி ரயிலில் சுமார் 3 மணி நேரம். அங்கிருந்து பிரெக்கன் பக்கம் போகும் டி14 பேருந்தில் இன்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பலர் மாட்டிக்கொள்வது திரும்பும்போதுதான். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால், லண்டன் மாதிரி நினைத்ததும் டாக்ஸி கிடைக்காது. எனவே முதலில் திரும்பும் பேருந்து நேரம், பிறகுதான் ரயில் டிக்கெட். அட்வான்ஸ் டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். பேருந்து தாமதமானால் பணம் போச்சு. ஆஃப்-பீக் (நெரிசல் இல்லாத நேரத்து ரயில்களில் எதிலும் ஏறக்கூடிய டிக்கெட்) வாங்குங்கள், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை.

என்னைக் கேட்டால் ஓர் இரவு தங்கலாம். மே கடைசியில் மட்டும் வேண்டாம், இலக்கிய விழா நேரத்தில் அறை கிடைப்பது கஷ்டம். காலையில் லயன் தெருவில் ரிச்சர்ட் பூத் கடை (1977-ல் தன்னை இவ்வூர் ராஜாவாக அறிவித்துக்கொண்டவர்!), பிறகு கோட்டையடித் திறந்தவெளிப் புத்தக அலமாரிகள். அங்கே கடைக்காரர் இருக்கமாட்டார். காசைப் பெட்டியில் போட வேண்டும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.