குறைந்து வந்த சீமெந்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

திருகோணமலையில் ஓர் அரச அலுவலகத்தின் களஞ்சியப் பொறுப்பில் இருக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். லொறியில் வந்தது 140 மூட்டை சீமெந்து, சீட்டில் இருப்பது 200. மேலதிகாரி "மிச்சம் நாளைக்கு வரும், போடு கையெழுத்தை" என்கிறாராம். போட்டால் மாட்டுவேனா, போடாவிட்டால் தூரத்து வெருகலுக்கு மாற்றிவிடுவார்களா, பெயர் போடாமல் ஒரு பெட்டிசன் அனுப்பலாமா என்று கேட்கிறார்.

தம்பி, பெட்டிசனை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தச் சீட்டு. பெற்ற அளவு என்ற இடத்தில் 140 என்று இலக்கத்திலும் எழுத்திலும் எழுதுங்கள். பக்கத்தில் லொறி இலக்கம், திகதி, நேரம். சாரதியிடம் ஒரு கையெழுத்து வாங்கி, அதன் கீழே நீங்கள் போடுங்கள். இருப்புப் புத்தகத்திலும் அதே 140. இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், இது உங்கள் வேலை. மிச்சம் 60 வந்தால் அன்றைக்கு அதற்கு வேறு சீட்டு. கணக்காய்வில் முதலில் கூப்பிடுவது கையெழுத்துப் போட்டவரைத்தான். நட்டத்தை உங்களிடம் அறவிட வரும்போது "ஐயா சொன்னார்" என்ற பதில் எடுபடாது.

இனி அந்த மொட்டைக் கடிதம். லொறி வந்த நேரம் களஞ்சியத்தில் மூன்று பேர்தான் இருந்தீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெயர் போடாவிட்டால் மட்டும் தெரியாதா? விசாரிப்பவருக்குத்தான் விளக்கம் கேட்க ஆளிருக்காது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தகவல் தருபவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. தெரிந்தே பொய் சொன்னால் அதே சட்டத்தில் குற்றம். ஆகவே கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். ஐயா உப்புவெளியில் வீடு கட்டுகிறார் என்ற கதை வேண்டாம்.

கச்சேரிப் பக்கம், நீதிமன்றப் பக்கம் பெட்டிசன் எழுதித் தருகிறேன் என்று நிற்கும் சிலரிடம் மிகக் கவனம். "கொழும்பில் எனக்கு ஆள் இருக்கு" என்று காசு கேட்பார்கள். முறைப்பாட்டின் பிரதி அது போய்ச்சேரும் முன்பே குற்றம் சாட்டப்பட்டவரின் மேசையில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். எழுதிக் கொடுத்தவரே இரண்டு பக்கமும் விற்றிருந்தார். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்ய ஒரு சதமும் இல்லை. 1954 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், தமிழில் கடிதமும் எழுதலாம். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வீட்டில் வையுங்கள். தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. இருந்தும் சிங்களத்தில் பதில் வந்து, அதை வாசிக்க ஆள் தேடி அலையும் கொடுமை இன்னும் தீரவில்லை. வந்தால் தமிழ்ப் பதில் கேட்டு மறுபடி எழுதுங்கள், சலிக்க வேண்டாம். முகநூலில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அனுமதியின்றி அலுவலகத் தகவலை வெளியிட்டார் என்று அரச ஊழியருக்கான விதித்தொகுப்பான தாபன விதிக்கோவையைக் காட்டி உங்களையே விசாரணைக்கு இழுப்பார்கள்.

ஒரே ஒரு சிக்கல். போன தடவை இதுபோல் 200க்கு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் பயத்தில் அப்படிப் போட்டவர்களைத்தான் நான் அதிகம் சந்திக்கிறேன். அப்படியானால் பழைய சீட்டில் வெட்டவோ திருத்தவோ கூடாது, இருப்புப் புத்தகத்தின் தாளைக் கிழிக்கவே கூடாது. அது ஆவணத்தைத் திரித்த வேறு குற்றமாகிவிடும். இன்றைய திகதியில் தனிக் கடிதம் எழுதுங்கள்: எந்த நாள், எத்தனை மூட்டை குறைவு, யார் என்ன சொன்னார், நான் ஏன் போட்டேன். மேலதிகாரி வழியாக இல்லை, அலுவலகத் தலைவருக்கே நேராக. அதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள், ஏனென்றால் அந்தக் கடிதம் உங்களுக்கு எதிராகவும் பேசும். ஆனால் கணக்காய்வு கண்டுபிடிக்கும் முன் நீங்களாகச் சொன்னது பதிவில் இருக்கும்.

இடமாற்றம் வந்தால்? அது பழிவாங்கல் என்று தெரிந்தால் நாட்களை எண்ணத் தொடங்குங்கள். உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. அதன் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. போகும்போது 140 என்று எழுதிய சீட்டின் பிரதியையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் கொண்டுபோங்கள்.