வாசகர் கேள்வி: மூன்றாம் மாதத்தில் சேமிப்பு

கேள்வி: மூன்றாம் மாதம் நடக்கிறது. கணவர் சம்பளம் 22,000 ரூபாய். வளைகாப்பு, பிரசவம், குழந்தைச் சாமான் எல்லாம் கடன் இல்லாமல் முடியுமா? சீட்டில் சேரலாமா? – வாசகி, திருமங்கலம்

பதில்: முடியும். முதல் வேலை, 12 வாரத்துக்குள் கிராம செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்து ஆர்.சி.ஹெச். எண் என்கிற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்குங்கள். அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கு இது அவசியம். தகுதி இருந்தால் ரொக்கம் 14,000 ரூபாயும் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைக்கும். வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே, ஆதாருடன் இணைந்து இருக்கட்டும். பலருக்குப் பணம் தாமதமாவது இங்கேதான். தவணையாக வருவதால் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

சீட்டு வேண்டாம்மா. வலி வந்த அன்று கையில் பணம் இருக்க வேண்டும். ஏலம் உங்களுக்காகக் காத்திருக்காது. வங்கியில் ஆறு மாத ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு, போடுங்கள். மாதம் 2,500 என்றால் 15,000 சேரும், வட்டி தனி. சம்பளம் வந்த மறுநாளே பிடித்தம் ஆகும்படி தேதி கொடுங்கள்.

குழந்தைக்குக் கட்டும் துணிக்கு மதுரை விளக்குத்தூண் கடைகளுக்கு ஓடும் முன் வீட்டுப் பழைய பருத்தி வேட்டிகளை எடுங்கள். கஞ்சி போக வெந்நீரில் அலசி, கரையை நீக்கி, இரண்டடிச் சதுரமாக வெட்டினால் எட்டு முழ வேட்டியில் பன்னிரண்டு துண்டு தேறும். மூன்று வேட்டி போதும். வாசனைக் கண்டிஷனர் போட்டால் துணி ஈரம் சரியாக உறிஞ்சாது. பிறந்த குழந்தை அளவு டயப்பர் ஒரு சிறிய பாக்கெட்டுக்கு மேல் வேண்டாம், சில வாரங்களில் சிறுத்துவிடும்.

வளைகாப்பை வீட்டோடு வையுங்கள். கலவை சாதமும் கண்ணாடி வளையலுமே நிறைவு.