சென்னை–கோவை விமானத்தில் நீலகிரியைப் பார்க்க எந்த ஜன்னல் சீட்?

கேள்வி: கோத்தகிரிக்கு வரும் அம்மா முதன்முறையாக விமானம் ஏறுகிறார். சென்னையிலிருந்து கோவைக்கு. மலை தெரிகிற பக்கம் எது?

வலப்பக்கம். சென்னையிலிருந்து வரும் விமானம் தென்மேற்காக வருகிறது. நீலகிரி கோவைக்கு வடமேற்கில். அதனால் ஏர்பஸ் 320 மாதிரி வரிசைக்கு ஆறு இருக்கை உள்ள விமானத்தில் 'எஃப்' எழுத்து சீட். திரும்பிப் போகும்போது இடப்பக்கம், 'ஏ'. பெங்களூரிலிருந்து வந்தாலும் வலதுதான்.

பலர் பக்கத்தைச் சரியாகப் பிடித்துவிட்டு இறக்கைக்கு நேர் மேலே உட்கார்ந்துவிடுகிறார்கள். பாதி மலை இறக்கைக்குள் போய்விடும். இறக்கைக்கு முன்னால் சில வரிசை தள்ளி எடுங்கள், கூடுதல் பணம் கேட்டாலும் பரவாயில்லை. இறக்கை மேலே பொருத்திய சின்ன விமானம் என்றால் இந்தக் கவலையே இல்லை.

அப்புறம், காலை விமானம் எடுங்கள். வெயில் கிழக்கிலிருந்து நேராக மலைமேல் விழும். மேட்டுப்பாளையம் சமவெளியில் தென்னையும் பாக்கும் முடிகிற இடத்தில் சுவர் எழுப்பியது போல மலை நிமிர்வதும், சரிவின் மடிப்புகளும் தனித்தனியாகத் தெரியும். 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டா அந்த விளிம்புக்குப் பின்னால். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னே போவதால் கருநீல நிழல்தான் மிஞ்சும். அதுவும் அழகுதான், ஆனால் அம்மாவுக்கு முதல் தடவை அல்லவா, காலையே போடுங்கள்.

இறங்குமுன் விமானம் வளைந்து திரும்பினால் மலை பக்கம் மாறிவிடும். அதனால் கீழே இறங்கத் தொடங்கியதுமே பார்க்கச் சொல்லுங்கள்.