மத்தி கரைகிறது, கிழங்கு வேகவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: ஏற்காட்டில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கு இறங்கினால் மத்தி மீன் வாங்கி வருவேன். உருளைக்கிழங்கு சேர்த்துக் குழம்பு வைத்தால் இரண்டு வேளைக்கு ஆகும் என்று பார்த்தேன். கிழங்கு நறுக்கென்று இருக்கிறது. அது வேகட்டும் என்று விட்டால் மீன் கரைந்து முள்தான் மிஞ்சுகிறது. ஆறு வயதுப் பையனுக்கு முள்ளுக்குப் பயந்து கொடுப்பதே இல்லை. சுலபமான வழி உண்டா?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. புளியும் மலையும் சேர்ந்து செய்கிற வேலை இது.

புளிப்பு பட்டால் உருளைக்கிழங்கு லேசில் இளகாது. கிழங்கின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின், வெறும் தண்ணீரில் கொதித்தால் கரைந்துவிடும். புளித்தண்ணீரில் இறுகியே நிற்கும். தக்காளியும் அப்படித்தான். போதாததற்கு ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். கீழே டவுனில் கிட்டத்தட்ட 99. தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடு ஏறாது. கிழங்கு இப்படி நேரம் கேட்க, மத்திக்கு ஐந்தாறு நிமிடமே போதும். அதனால் கிழங்கு முதலில், புளி அப்புறம், மீன் கடைசியில். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

அரை கிலோ மத்திக்கு (பத்துப் பன்னிரண்டு மீன் நிற்கும்) நடுத்தரக் கிழங்கு இரண்டு. நல்லெண்ணெயில் வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்குங்கள். கிழங்கை விரல் பருமனுக்கு நறுக்கிப் போட்டு, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், உப்பு சேர்த்து, மூழ்கத் தண்ணீர் விட்டு மூடுங்கள். கத்தி முனை தடையில்லாமல் இறங்க வேண்டும். அவசரமென்றால் குக்கரில் இரண்டு விசில் விட்டு எடுங்கள். அழுத்தத்தில் சூடு கூடுவதால் மலையில் குக்கர்தான் கைகொடுக்கும். அதன் பிறகே தக்காளியும், எலுமிச்சை அளவு புளியின் கரைசலும். பச்சை வாசனை போனதும் மீனைப் பரப்பி, சிறு தீயில் ஆறு நிமிடம். கரண்டி போடவே கூடாது. சட்டியின் இரண்டு பக்கமும் துணியால் பிடித்து மெல்லச் சுழற்றினால் போதும்.

பையனுக்கு முள் பிரச்சினையைக் குக்கரே தீர்த்துவிடும். சுத்தம் செய்த மத்தியோடு கொஞ்சம் புளிக்கரைசல், உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்து, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 25 நிமிடம் வையுங்கள். ஆறியதும் நடுமுள்ளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பாருங்கள், மாவாக உதிரும். உதிராவிட்டால் இன்னும் பத்து நிமிடம். இந்த முள் அத்தனையும் கால்சியம். எடுத்து எறிய மனசே வராது. வேகவைத்த கிழங்கோடு இதைப் பிசைந்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், இடித்த மிளகு சேர்த்துத் தட்டி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். உங்கள் ஊர் எஸ்டேட்டுகளில் சவுக்குமரம்போல் உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக்கில் படர்கிற மிளகு இருக்கும்போது வேறு மசாலா எதற்கு? பிசையும்போது விரலில் ஏதாவது தட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பையனுக்குக் கொடுங்கள்.

சுத்தம் செய்ய ஒரு வார்த்தை: கத்தியின் பின்புறத்தால் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதிலைச் சுரண்டி, தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வரும். வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வை விரலால் தேய்த்து எடுங்கள், கசப்பு அங்கேதான். கல் உப்பும் அரிசி கழுவிய தண்ணீரும் போட்டு அலசினால் கவிச்சி அடங்கும்.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம். சேலத்துக்கு மத்தி எந்தக் கடற்கரையிலிருந்து வந்தாலும் நெடுந்தூரம் பயணித்துத்தான் வருகிறது. அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஐஸ் இல்லாமல் பையில் கிடந்தால் அதன் சதையில் ஹிஸ்டமின் என்கிற ஒவ்வாத பொருள் சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வோம். பல நேரம் அது ஐஸ் இல்லாமல் கிடந்த மீனின் வேலை. அதனால் தெர்மாகோல் பெட்டியில் மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் போட்டு, ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் கடைசியாக மீன் வாங்குங்கள். வயிறு வெடித்தது, கண் குழிந்தது வேண்டாம். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடலில் ஜூன், ஜூலையிலும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த மாதங்களில் சந்தேகமாக இருந்தால் டின் மத்தி வாங்கிவிடுங்கள். அது முள்ளோடு ஏற்கெனவே வெந்தது, எண்ணெயை வடித்துவிட்டுக் கிழங்கோடு பிசைய வேண்டியதுதான்.

கிழங்கில் பச்சை படர்ந்திருந்தால் அந்த இடத்தை ஆழமாகச் சீவி எறியுங்கள். நிறையப் பச்சை என்றால் முழுசாகவே.

மலை குளிர்கிறதே என்று மிச்சக் குழம்பை மேடையில் விடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். கிழங்கின் மாவு இறங்கி மறுநாள் கெட்டியாகிவிடும். அரை டம்ளர் வெந்நீர் விட்டு, தேவையான அளவை மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்க வைத்தால் காலை இட்லிக்கு ஆயிற்று.