விசாவுக்கு வெளியேறும் டிக்கெட் கேட்டால் என்ன செய்வது?

கும்பகோணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: தாய்லாந்தில் மூன்று மாதம் தங்க ஆசை, திரும்பும் தேதி முடிவாகவில்லை, ஆனால் வெளியேறும் டிக்கெட் கேட்கிறார்களே என்று.

60 நாள் சுற்றுலா விசாவை அங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாட் கட்டி 30 நாள் நீட்டிக்கக் கேட்கலாம். அதை நம்பி 85-ஆம் நாளுக்கு டிக்கெட் போடாதீர்கள். கையில் இருக்கும் அனுமதி 60 நாள்தான். டிக்கெட்டும் அதற்குள் இருக்கட்டும்.

திருச்சிக்கே திரும்ப வேண்டும் என்றில்லை. தாய்லாந்தை விட்டு வெளியேறினால் போதும். பாங்காக்–கோலாலம்பூர் ஒருவழி டிக்கெட்டை, தேதி மாற்றும் வசதியோடு எடுங்கள். பஸ், ரயில் டிக்கெட் காட்டினால் வாதாட வேண்டியிருக்கும்.

உண்மையான பரீட்சை திருச்சி விமான நிலைய செக்-இன் கவுண்டரில்தான். "ரிட்டன் டிக்கெட் இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டு பி.என்.ஆர். எண்ணைத் தட்டிப் பார்ப்பார்கள். அந்த நாடு உங்களை உள்ளே விடாவிட்டால் ஏற்றிப்போன விமான நிறுவனமே திருப்பிக் கொண்டுவர வேண்டும், அபராதமும் விழலாம். கறாராக இருக்காமல் என்ன செய்வார்கள்? டிராவல்ஸ்காரர் முழுப் பணம் கட்டாமல் பிடித்து வைத்துத் தரும் 'ஹோல்டு' புக்கிங் சில நாளில் செத்துவிடும். கிளம்புமுன் விமான நிறுவனத் தளத்தில் நீங்களே பாருங்கள். போட்டோஷாப் டிக்கெட் வேண்டவே வேண்டாம்.

பிரிட்டன் என்றால் கதை வேறு. விசா முடிவு வருமுன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள் என்று அந்த அரசே சொல்கிறது. போலி ஆவணம் பிடிபட்டாலோ 10 ஆண்டு வரை தடை.