ராடு வைத்த காலை ஊன்றலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, விசைத்தறி ஓட்டுபவர். நகரி போய்த் திரும்பும்போது வண்டியிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. உள்ளே ராடு வைத்து ஐந்து வாரமாகிறது. வாக்கர் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை ஊன்றச் சொல்கிறார் டாக்டர். உறவினர்களோ, "அசைந்தால் எலும்பு கூடாது, பேசாமல் புத்தூர் கட்டுப் போடுங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, பொதட்டூர்பேட்டை

பதில்: டாக்டர் சொன்னபடி ஊன்றட்டும்.

எலும்பு உயிருள்ள பொருள். பாரம் விழுந்தால் உரம் ஏறும், விழாவிட்டால் கரையும். ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892லேயே இதை எழுதிவிட்டார். மாவுக்கட்டுப் பிரித்ததும் கால் சூம்பியிருக்கும், பார்த்திருப்பீர்கள். சதை மட்டுமா, உள்ளே எலும்பும் மெலிந்துதான் இருக்கும்.

முறிந்த எலும்புக்கும் இது பொருந்துமா என்று இங்கிலாந்தில் குட்ஷிப், கென்ரைட் இருவரும் ஆடுகளின் கால் எலும்பில் சோதித்தார்கள். 1985இல் முடிவு வந்தது. அசையாமல் இறுக்கிய கால்களைவிட, தினமும் சிறிது நேரம் மில்லிமீட்டர் கணக்கில் அசைத்த கால்கள் நன்றாகக் கூடின.

அதற்காக உங்கள் உறவினர்கள் சொல்வது முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன். முறிவின் இடைவெளியில் வளரும் திசு 2 சதவீதத்துக்குள் இழுபட்டால் எலும்பாகும், 10 சதவீதம் வரை போனால் குருத்தெலும்பாகும் என்று கணக்குச் சொன்னவர் சுவிட்சர்லாந்தின் ஸ்டீஃபன் பெரன். அதையும் தாண்டி ஆடிக்கொண்டே இருந்தால் வெறும் நாராக நின்றுவிடும். ராடு எலும்புக்குள்ளேயே இருந்து பாரத்தில் பங்கு வாங்கிக்கொள்வதால் அந்த ஆட்டம் கட்டுக்குள் இருக்கிறது.

எவ்வளவு ஊன்றுவது? எத்தனை கிலோ என்று டாக்டரிடமே கேளுங்கள். 20 கிலோ என்றால், எடை மெஷினில் அந்தக் காலை மட்டும் வைத்து, முள் 20ஐத் தொடும்வரை அழுத்திப் பழகட்டும். இரண்டு நாளில் கணக்குக் காலுக்கே பிடிபடும். வலி நாளுக்கு நாள் ஏறினால், ராடு போட்ட இடத்தில் சீழோ காய்ச்சலோ வந்தால், நிறுத்திவிட்டுப் படம் எடுக்க வேண்டும்.

புத்தூர் கட்டைப் பற்றி. மூங்கில் பத்தை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மேலே சொன்ன சிறு அசைவுக்கு அது விரோதமில்லை. ஆனால் ராடு வைத்த காலுக்கு வெளிக்கட்டு எதற்கு? இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் மரத்துப்போகும், தையல் போட்ட இடம் புழுங்கிப் புண்ணாகும். வேண்டாம்.

அப்புறம், அப்பா பீடி பிடிப்பாரா? நீங்கள் எழுதவில்லை. பிடிப்பவர் என்றால், ஊன்றுவதைவிட எனக்கு அதுதான் கவலை. புகை எலும்பு கூடுவதைத் தள்ளிப்போடும்.