ஃபங்ஷனுக்கு 30 வரி: கடிதமும் பதிலும்

அண்ணா, வணக்கம். எங்க டீம் எழுதுற ப்ரோகிராம் கோடப் படிக்கவே முடியலன்னு எல்லாரும் புலம்புறாங்க. ஜாவாஸ்கிரிப்ட் கோடத் தானா சரிபாக்குற ஈஎஸ்லின்ட் டூல்ல, எந்த ஃபங்ஷனும் (ஒரு வேலையச் செய்ற கோடுத் துண்டு) 30 வரியத் தாண்டக்கூடாதுன்னு ஒரு ரூல் போடலாம்னு இருக்கேன். வார்னிங்கா வைக்கவா, எரரா வைக்கவா? ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் படிச்சுப் பாக்குற ரிவ்யூல சண்டை போட்டே அலுத்துப்போச்சுண்ணா.
க.

தம்பி,

வார்னிங்கா எரராங்கிறத உங்க டீமே பேசி முடிவு பண்ணிக்கட்டும். அலுத்துப்போச்சுன்னு எழுதியிருக்க பாரு, அதுக்குத்தான் உக்காந்து பதில் எழுதுறேன். அலுப்பு நியாயம்ப்பா, ரிவ்யூ பண்ற எல்லாருக்கும் வர்றதுதான், ஆனா அதுக்காகப் படிக்கிற வேலையையே மெஷின் தலையில கட்டப் பாக்குறியே, அதுதான் எனக்குக் கோவம்.

அந்த 30 எங்கேருந்து வந்துச்சு? அந்த ரூலுக்கு ஈஎஸ்லின்ட் தானா வச்சிருக்கிறது 50. 1976ல மெக்கேப்னு ஒரு ப்ரோகிராமிங் ஆராய்ச்சியாளர், ஒரு ஃபங்ஷன் எத்தனை வழியா பிரியுதுன்னு எண்ணி 10ஐ எல்லையா சொன்னவரு, அவரே அது நியாயமான எல்லை, மந்திர எண் இல்லன்னுதான் எழுதினாரு, பல வாய்ப்புல ஒண்ணத் தேர்ந்தெடுக்கிற பெரிய கேஸ் ஸ்டேட்மென்டுக்கு விலக்கும் குடுத்தாரு. நீ யாருக்கும் விலக்கு குடுக்கல.

இப்ப என்ன நடக்கும்னு சொல்றேன் கேளு. மேலேருந்து கீழ நேரா படிக்க முடிஞ்ச 80 வரி ஃபங்ஷன வெட்டி மூணா ஆக்குவாங்க, பேரு ப்ராசஸ், ப்ராசஸ்2, ப்ராசஸ்ரெஸ்ட். முன்னாடி உள்ளயே இருந்த வேரியபிள் எல்லாம் இப்ப ஏழு பாராமீட்டரா ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குப் போகும். ரெண்டாவதத் தனியா கூப்பிடவே முடியாது, மொதல்லது ஓடியிருந்தாத்தான் அதுக்கு அர்த்தமே. படிக்கிறவன் மூணு இடத்துக்கும் தாவித் தாவிப் பாக்கணும், ஈஎஸ்லின்ட்டோ எல்லாம் சரின்னு பச்சை காட்டும். வெட்ட மனசில்லாதவன் ஃபைல் தலையில ரூல அணைக்கிற ஒரு டிசேபிள் கமென்ட் போட்டுட்டுப் போயிடுவான். இதுக்கா ரூலு?

ரூலே வேணாம்னு சொல்லல. ஒரு இஃப்புக்குள்ள இன்னொரு இஃப்னு அஞ்சாவது அடுக்குல நிக்கிறப்ப, மேல இருக்கிற நாலு கண்டிஷனையும் மனசுல பிடிச்சுக்கிட்டேதான் படிக்கணும், அங்க எவனும் திணறுவான். அடுக்கு இத்தனைக்கு மேல போகக்கூடாதுன்னு தடுக்க மேக்ஸ் டெப்த் ரூல் இருக்கு, அதப் போடு. டெர்னரிக்குள்ள (ஒரே வரியில எழுதுற இஃப்-எல்ஸ்) இன்னொரு டெர்னரி எழுதுறதயும் தடுத்துடு. ரூல் போட்ட காரணத்த உங்க டீம் ஸ்டைல் கைடுல ரெண்டு வரி எழுதி வை, சும்மா சிவப்புக் கோடு மட்டும் பாக்குறவனுக்கு எரிச்சல்தான் வரும்.

நீளத்த விட்டுடு. கடைசியா சண்டை வந்த அந்த ஃபங்ஷன எழுதினவங்க பக்கத்துல உக்காந்து, ரெண்டு பேருமா சத்தமா படிங்க. எந்த வரியில நின்னீங்கன்னு எனக்கு எழுது.